தொடாத வரி மாறக் கூடாது: ஸ்ட்ராடஜி கேம் தரவுக்கு எடிட்டர் எழுதுவோருக்கு

கொங்குப் பகுதியின் பழைய பிரிவுகளான இருபத்துநான்கு நாட்டையும் ஒரு ஸ்ட்ராடஜி கேமுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பூந்துறை நாடு எதுவரை, வெங்கால நாடு எங்கே தொடங்குகிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு கேம் தரவை எழுதும் எக்ஸ்எம்எல் வடிவம் தெரியாது. எக்ஸ்எம்எல் தெரிந்த கல்லூரிப் பையனுக்குச் சங்ககிரிக் கோட்டை காவிரிக்குக் கிழக்கா மேற்கா என்று தெரியாது. இந்த இரண்டு பேரும் ஒரே தரவில் வேலை செய்ய வேண்டும் என்றால் நடுவில் ஒரு எடிட்டர், அதாவது தரவைப் படிவத்தில் திருத்த உதவும் மென்பொருள், வேண்டும். நோட்பேடில் திறந்து எண்ணை மாற்றுவதெல்லாம் ஒருவர் தனியாகச் செய்யும்வரைதான் ஓடும்.

இப்படிப்பட்ட எடிட்டர்களை எழுதியும், மற்றவர்கள் எழுதியதைச் சரிசெய்து கொடுத்தும் கற்றுக்கொண்டவை கீழே இருக்கின்றன. பைதானும், திரைப் படிவங்கள் வரையும் கியூட்டி நூலகமும் (பைசைடு 6) தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். வேறு மொழி பயன்படுத்துபவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

கோப்பு முதலில், திரை அப்புறம்

எடிட்டர் எழுத உட்காருகிற பலரும் எடுத்த எடுப்பிலேயே திரையை வரையத் தொடங்குகிறார்கள். இடது பக்கம் யூனிட் பட்டியல், வலது பக்கம் படிவம், மேலே பொத்தான்கள். திரை அழகாகவே வந்துவிடும். சேமி பொத்தானை அழுத்தும்போதுதான் வினை.

எங்கள் முதல் சோதனை இதுதான்: கோப்பைத் திற, எதையும் தொடாதே, சேமி. பழைய கோப்பும் புதிய கோப்பும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டும். விண்டோஸில் எஃப்சி கட்டளையை ‘/பி’ சுவிட்சோடு ஓட்டுங்கள், லினக்ஸில் சிஎம்பி. கேம் ஃபோல்டரில் இருக்கும் அத்தனை தரவுக் கோப்புகளையும் ஒரு ஸ்கிரிப்ட் வைத்து இப்படிச் சோதித்துத் தேறிய பிறகே முதல் படிவத்தை வரைய வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கேமை மாற்றியமைக்கும் மோட் வேலை செய்கிறவர்கள் தரவுக் கோப்புக்குள்ளேயே குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள். ‘இந்த எண்ணை 40-க்குக் கீழே இறக்கினால் மூன்றாம் கட்டத்தை ஜெயிக்க முடியாது’ என்று ஒரு வரி இருக்கும். பைதானோடு வரும் எக்ஸ்எம்எல் நூலகம் (ஈட்ரீ) அப்படியே பயன்படுத்தினால் அந்தக் குறிப்புகளை எல்லாம் படிக்கும்போதே தள்ளிவிடும். ஜேசனாக எழுதினால், ‘என்ஷ்யூர் ஆஸ்கி’ என்ற அமைப்பை அணைக்காதவரை, ஒவ்வொரு தமிழ் எழுத்தும் யு-வில் தொடங்கும் குறியீடாக மாறிவிடும். கேம் படித்துக்கொள்ளும், மனிதர் படிக்க முடியாது. கோபியிலிருந்து சோதித்துப் பார்க்கிற ஆசிரியர் ‘நான் எழுதினது எங்கீங்க போச்சு?’ என்று கேட்டால் பதில் சொல்ல வழியில்லை.

இன்னும் மோசமானது, கண்ணுக்குத் தெரியாமல் தரவு தொலைவது. யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 மாதிரி பாரடாக்ஸ் கேம்களின் உரைக் கோப்பில் ஒரே சாவிச்சொல் ஒரே அடைப்புக்குள் பலமுறை வரும். ஒரு பிரதேசத்தின்மேல் மூன்று அரசுகளுக்கு உரிமை என்றால் அதே சொல் மூன்று வரியில் இருக்கும். அதைப் பைதான் டிக்ஷனரியில் போட்டால் கடைசி அரசு மட்டும்தான் மிஞ்சும். பேட்டில் ஃபார் வெஸ்நாத் கேமின் டபிள்யூஎம்எல் கோப்புகளில் மேக்ரோக்கள் (பல வரிகளுக்குப் பதிலாக நிற்கும் சுருக்கப் பெயர்கள்) உண்டு. விரித்துப் படித்து, விரித்தபடியே திரும்ப எழுதினால் ஒரு வரி மேக்ரோ இருந்த இடத்தில் நாற்பது வரி வந்து நிற்கும். அப்புறம் மூல மேக்ரோவைத் திருத்தினாலும் அது இங்கே எட்டாது.

இதற்கெல்லாம் ஒரே வைத்தியம்: கோப்பைப் பொருளாக மாற்றி, பொருளிலிருந்து மறுபடி கோப்பை உருவாக்கும் வேலையே வேண்டாம். மூல உரையை அப்படியே கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பார்சர் (கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரல்) ஒவ்வொரு மதிப்பும் எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். குதிரைப்படையின் உயிர்ப்புள்ளி ‘35’ 412-ஆம் இடத்தில் தொடங்கி 414-க்கு முன் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பயனர் 120 என்று மாற்றினால் அந்த இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு மூன்று எழுத்தைச் செருகினால் போதும். சுற்றியுள்ள டேப், இடைவெளி, குறிப்பு, மேக்ரோ எதுவும் அசையாது. பல மாற்றங்கள் சேர்ந்திருந்தால் கோப்பின் கடைசியிலிருந்து முன்னோக்கிச் செருகிக்கொண்டு வாருங்கள். முன்னாலிருந்து தொடங்கினால் முதல் செருகலிலேயே பின்னால் உள்ள இடக் கணக்கெல்லாம் ஒரு எழுத்து தள்ளிப்போய், அடுத்த மதிப்பு பக்கத்துச் சொல்லின் நடுவில் போய் விழும்.

இடத்தை எழுத்தில் எண்ணுகிறீர்களா பைட்டில் எண்ணுகிறீர்களா என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். யுடிஎஃப்-8 குறிமுறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். இரண்டையும் கலந்தால் ஆங்கிலக் கோப்பில் எல்லாம் சரியாக ஓடி, தமிழ்ப் பெயர் உள்ள முதல் கோப்பிலேயே உடையும். கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் (குறிமுறையைச் சொல்லும் அடையாளப் பைட்டுகள்) இருந்ததா, வரிமுடிவு விண்டோஸ் வகையா யூனிக்ஸ் வகையா, கடைசி வரிக்குப் பின் என்டர் இருந்ததா என்பதெல்லாம் இருந்தபடியே போக வேண்டும். யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4-இல் மொழிபெயர்ப்புக் கோப்புக்கு பிஓஎம் இருந்தாக வேண்டும், ஸ்கிரிப்ட் கோப்புகளோ யுடிஎஃப்-8 கூட இல்லை, விண்டோஸ்-1252. ஒரே கேமுக்குள் இரண்டு குறிமுறை. எனவே கோப்பு வகை வாரியாகக் குறிமுறையைப் பட்டியலிட்டு வைப்பதுதான் நம்பகமான வழி. ஊகிக்க வைக்காதீர்கள்.

பைனரி கோப்புக்கு இந்தச் செருகல் முறை அப்படியே ஆகாது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் டேட் கோப்பு டிஃப்ளேட் முறையில் சுருக்கப்பட்டது. விரித்துத் திருத்தி மறுபடி சுருக்கினால், உள்ளே ஒன்றும் மாறாவிட்டாலும் வெளிப் பைட்டுகள் மாறலாம். அங்கே விரித்த நிலையில் வைத்து ஒப்பிட வேண்டும். பொருள் தெரியாத பகுதிகளைத் தெரியாத பைட்டுகளாகவே பத்திரமாக வைத்திருந்து திருப்பி எழுதுங்கள், பூஜ்யம் போட்டு நிரப்பிவிடாதீர்கள்.

படிவப் பெட்டிகள் செய்யும் சத்தமில்லாத சேதம்

கியூட்டியின் எண் பெட்டிக்கு (ஸ்பின்பாக்ஸ்) நாம் எதுவும் சொல்லாவிட்டால் எல்லை 0 முதல் 99. கோப்பில் பொன் விலை 120 என்று இருந்தால் பெட்டி 99 என்று காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. தசமப் பெட்டிக்கு இயல்பாக இரண்டு தசம இடம்தான். 0.125 என்ற வேகப் பெருக்கி 0.13 ஆகிவிடும். பயனர் அந்தப் பெட்டியைத் தொடக்கூட இல்லை, பக்கத்துப் பெட்டியை மாற்றிச் சேமித்தார், இது கூடவே மாறிப்போனது.

ஆகவே பெட்டியில் உள்ளதைப் படித்துக் கோப்பில் எழுதாதீர்கள். பயனர் கையால் மாற்றினார் என்ற செய்தி வந்த புலத்துக்கு மட்டும் மாற்றம் பதிவாகட்டும். கோப்பில் ‘1.50’ என்று இருந்தால் அது 1.50 ஆகவே இருக்கட்டும். நம் பக்கம் 1.5 என்று சுருக்கி எழுதினால், நாளைக்கு இரண்டு பதிப்பை ஒப்பிடுகிறவர் முன்னூறு போலி மாற்றங்களுக்குள் ஒரு உண்மையான மாற்றத்தைத் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது மவுஸ் சக்கரம். நீளமான படிவத்தைச் சக்கரத்தால் உருட்டிக்கொண்டே போகும்போது சுட்டி ஏதாவது எண் பெட்டிமேல் வந்தால், பக்கம் உருளுவதை விட்டுவிட்டு அந்த எண் ஏறும், இறங்கும். யாரும் கவனிப்பதில்லை. ஃபோகஸ் இல்லாத பெட்டி சக்கர நிகழ்வைப் புறக்கணிக்கும்படி ஒரு துணை வகுப்பு எழுதி, எடிட்டர் முழுக்க அதையே பயன்படுத்துங்கள். பத்து வரி நிரல்தான். ‘யாரோ என் எண்ணை மாத்தீட்டாங்க’ என்ற புகாரில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

இந்திய வட்டார அமைப்பில் ஓடும் கணினியில் பெட்டி 1,00,000 என்று காற்புள்ளியோடு காட்டலாம், காட்டட்டும். அதே உரை கோப்புக்குள் போனால் பல கேம்கள் முதல் காற்புள்ளியிலேயே நின்று 1 என்று படித்துக்கொள்ளும். எழுதும்போது எப்போதும் சி லோகேல், அதாவது காற்புள்ளிப் பிரிப்பு இல்லாத அமைப்பு.

எக்செலில் திறந்து திருத்தச் சொல்லலாமே என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிஎஸ்வி கோப்பில் ‘7-3’ என்ற தாக்குதல் மதிப்பை எக்செல் தேதியாக மாற்றிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்றுவிடும். பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 கோப்பை நேரடியாகத் திறந்தால் தமிழ் சிதையும். இதற்காகவாவது எடிட்டருக்குள்ளேயே ஓர் அட்டவணைக் காட்சி வேண்டும்.

எண்ணின் பொருள் தெரியாமல் பெட்டி போடாதீர்கள்

ஒவ்வொரு புலத்துக்கும் அதன் வகை, எல்லை, அலகு, இயல்பு மதிப்பு, எந்தப் பட்டியலைச் சுட்டுகிறது, தமிழில் என்ன பெயர், ஒரு வரி விளக்கம் என்று தனியாக ஒரு ஸ்கீமா கோப்பில் எழுதிவிடுங்கள். படிவம் அதிலிருந்து தானாக உருவாகட்டும். கேமின் அடுத்த பதிப்பில் புதுப் புலம் வந்தால் ஸ்கீமாவில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. ஸ்கீமாவில் இல்லாத புலம் கோப்பில் இருந்தால் அதை மறைக்க வேண்டாம். ‘அறியாத புலங்கள்’ என்று கீழே ஓர் இடம் ஒதுக்கி, உள்ளது உள்ளபடி உரையாகக் காட்டுங்கள்.

எல்லை போடும் முன் கேமின் ஆவணத்தைப் படிப்பது அவசியம். வெஸ்நாத்தில் நகர்வு வகைக்குள் வரும் எதிர்ப்பு மதிப்பு 80 என்றால் அந்த யூனிட் 80 சதவீதச் சேதத்தை வாங்கிக்கொள்கிறது என்று பொருள். விளையாடுகிறவர் திரையில் பார்ப்பது 20 சதவீத எதிர்ப்பு. நிலத் தற்காப்பு எண்ணும் அப்படித்தான், கோப்பில் இருப்பது அடிபடும் வாய்ப்பு. படிவத்தில் வெறுமனே ‘எதிர்ப்பு: 80’ என்று காட்டினால், யூனிட்டை வலுவாக்க நினைப்பவர் 90 ஆக ஏற்றி அதைப் பலவீனமாக்கிவிடுவார். விளையாட்டில் தெரியும் எண்ணைப் பெரிதாகவும், கோப்பில் உள்ள எண்ணை அருகில் சிறிதாகவும் காட்டுவது நல்ல ஏற்பாடு.

அதே தற்காப்புப் புலத்தில் மைனஸ் 70 என்று வரவும் முறை உண்டு. கலப்பு நிலத்தில் எந்த மதிப்பு செல்லும் என்பதற்கான உச்சவரம்புக் குறி அந்த மைனஸ். ‘சதவீதம்தானே, 0 முதல் 100’ என்று எல்லை போட்ட எடிட்டர் அந்த மைனஸை அழித்துவிடும். குதிரைப்படை அதன் பிறகு காட்டுக்குள் நடந்துகொள்வது விசித்திரமாக இருக்கும், காரணத்தை எங்கே தேடுவது என்றே தெரியாது.

0 ஏ.டி. கேமில் யூனிட் கோப்புகள் பெற்றோர் வார்ப்பிலிருந்து மதிப்புகளைப் பெறுகின்றன. ஒரு யானைப்படைக் கோப்பில் நாலைந்து வரிதான் இருக்கும், மீதி எல்லாம் மேலிருந்து வருவது. சில மதிப்புகள் ‘கூட்டு’, ‘பெருக்கு’ என்று பெற்றோர் மதிப்பின்மேல் செய்யும் கணக்காகவும் இருக்கும். படிவத்தில் பெற்ற மதிப்பைச் சாம்பல் நிறத்திலும், இந்தக் கோப்பிலேயே எழுதியதைத் தடித்த எழுத்திலும் காட்டுங்கள். பக்கத்தில் ‘பெற்றோர் மதிப்புக்குத் திரும்பு’ என்று ஒரு சிறு பொத்தான். சாம்பல் நிற மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்பது சுட்டியை வைத்தாலே தெரிய வேண்டும். பெற்றோர் கோப்பைத் திருத்தினால் எத்தனை யூனிட் பாதிக்கப்படும் என்ற எண்ணிக்கையைச் சேமிக்கும் முன் காட்டுவது மிக முக்கியம்.

சுட்டுப் புலங்களுக்கு வருவோம். யூனிட்டுக்கு இந்தப் படம், இந்த ஒலி, இந்தத் தொழில்நுட்பம் வேண்டும் என்று எண்ணாலோ பெயராலோ சுட்டும் இடங்கள் இவை. இவற்றுக்கு எண் பெட்டி போடக் கூடாது, தேடக்கூடிய பட்டியல் வேண்டும். பட்டியலில் பெயரோடு சின்னப் படமும் இருந்தால் வரலாறு தெரிந்தவர் யாரையும் கேட்காமல் வேலை செய்வார். ‘ஒன்றுமில்லை’ என்பதைப் பல கேம்கள் மைனஸ் 1 என்று எழுதுகின்றன, அதைப் பட்டியலின் தலையில் வையுங்கள்.

நீக்குவதில்தான் கவனம் அதிகம் தேவை. எண்ணே வரிசை இடமாக இருக்கும் கோப்பில் நடுவில் ஒன்றை நீக்கினால் அதற்குப் பிறகு வரும் எல்லாமே ஓரிடம் முன்னால் வந்துவிடும். ஈட்டி வீரன் படம் இருந்த இடத்தில் மாட்டு வண்டி நிற்கும். சர்வே எண் போலத்தான் இதுவும்: 112-ஐப் பிரித்தால் 112/1, 112/2 என்று உட்பிரிவு போடுவார்களே தவிர, பக்கத்துக் காட்டின் எண்ணை மாற்ற மாட்டார்கள். நீக்கிய இடத்தை வெறுமையாகக் குறித்து அப்படியே விடுங்கள், அந்த எண்ணை வேறொன்றுக்கு மறுபடி கொடுக்காதீர்கள். நீக்கும் முன் ‘இதைச் சுட்டுபவை’ என்ற பட்டியலைத் திறந்து காட்டுங்கள். பழைய சேமிப்புக் கோப்புகளும் அந்த எண்ணைத்தான் நம்பியிருக்கின்றன.

வரைபடம்

கொங்கு இருபத்துநான்கு நாட்டை வரையும் வேலையில் எடிட்டரின் பெரும்பாதி உழைப்பு இங்கேதான் போகும். பல கேம்களில் பிரதேச வரைபடம் என்பது ஒரு பிஎம்பி படம். ஒவ்வொரு பிரதேசத்துக்கும் தனித்த ஆர்ஜிபி நிறம், கூடவே எந்த நிறம் எந்தப் பிரதேசம் என்று சொல்லும் ஒரு சிஎஸ்வி. ஃபோட்டோஷாப் மாதிரி பொது வரைகலை மென்பொருளில் இதை வரையும்போது நேரும் முதல் விபத்து ஓர மென்மையாக்கம். காங்கேய நாட்டின் சிவப்புக்கும் பூந்துறை நாட்டின் நீலத்துக்கும் நடுவில் ஊதாப் புள்ளிகள் தானாக விழும். ஒவ்வோர் ஊதா நிறமும் கேமுக்குப் பட்டியலில் இல்லாத ஒரு புதுப் பிரதேசம். படத்தைச் சிறிதாக்கினாலும் பெரிதாக்கினாலும் இதேதான் நடக்கும், ‘நியரஸ்ட் நெய்பர்’ தவிர எந்த முறையும் உதவாது. ஒருமுறை ஜேபெக்காகச் சேமித்துவிட்டால் அந்தப் படத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

உங்கள் எடிட்டரிலேயே தூரிகை கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. உள்ளே நிறத்தை வைக்காமல் பிரதேச எண்ணை 16 பிட்டாக வையுங்கள். 2048-க்கு 2048 படம் என்றால் 41,94,304 புள்ளி, சுமார் 8 எம்பி. ஒவ்வொரு தூரிகை இழுப்புக்கும் முழுப் பிரதி எடுத்து அன்டூ செய்தால் 100 படிக்கு 800 எம்பி ஆகிவிடும். படத்தை 64-க்கு 64 கட்டங்களாகப் பிரித்து, தொட்ட கட்டத்தின் பழைய நிலையை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு கட்டத்துக்கு 8,192 பைட்தான். திரையில் காட்டும் நிறத்துக்கும் கோப்பில் உள்ள நிறத்துக்கும் தொடர்பே வேண்டாம். யார் கையில் உள்ளது, என்ன நிலம், என்ன வரி என்று பார்வையை மாற்றிக்கொள்ள வசதி இருந்தால் தவறுகள் கண்ணில் படும்.

பிஎம்பி எழுதும்போது மூன்று விஷயம்: வரிகள் பொதுவாகக் கீழிருந்து மேலாக அடுக்கப்பட்டிருக்கும், நிறம் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் இருக்கும், ஒவ்வொரு வரியும் 4 பைட்டின் மடங்காக நிரப்பப்பட வேண்டும். அகலம் 2048 என்றால் வரிக்கு 6,144 பைட், பிரச்சினை இல்லை. 1,001 என்று வைத்தால் 3,003 பைட், ஒரு பைட் நிரப்ப மறந்தால் படம் முழுவதும் சாய்ந்து இழுபடும்.

சேமிக்கும்போது தானாக ஓட வேண்டிய சோதனைகள் சில உண்டு. படத்தில் இருந்து பட்டியலில் இல்லாத நிறம், பட்டியலில் இருந்து படத்தில் இல்லாத பிரதேசம், தூரிகை நழுவித் தனியே விழுந்த ஐந்தாறு புள்ளித் துண்டு, நான்கு பிரதேசங்கள் ஒரே மூலையில் சந்திக்கும் இடம். இந்தக் கடைசி வகையைச் சில இன்ஜின்கள் ஏற்பதில்லை. நம்பை என்ற பைதான் எண்கணித நூலகத்தில் படத்தை ஒரு புள்ளி வலப்பக்கமும் ஒரு புள்ளி கீழேயும் நகர்த்தி மூலப் படத்தோடு ஒப்பிட்டால் அண்டைப் பட்டியல் நொடியில் கிடைத்துவிடும்.

ஆனால் படத்தில் ஒட்டியிருப்பதெல்லாம் படை நடக்கக்கூடிய எல்லை ஆகிவிடாது. கொங்கு நாட்டின் புவியியலே அதைச் சொல்லும். மேற்கே நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருக்கிறது, மற்ற இடமெல்லாம் மலைச்சுவர். வடக்கே மைசூர்ப் பக்கமிருந்து இறங்கக் கெஜலெட்டிக் கணவாய்; ஹைதரும் திப்புவும் படை நடத்திய வழி அது. கிழக்கே காவிரி. படத்தின் எல்லையை மட்டும் நம்பிய கேமில் எதிரிப்படை வால்பாறை மேட்டை நெடுஞ்சாலைபோல ஏறி இறங்கும். எனவே அண்டைப் பட்டியலின்மேல் ‘தடை’, ‘கணவாய்’, ‘ஆற்றுத்துறை’ என்று கையால் வைக்கும் ஓர் அடுக்கு வேண்டும். வரைபடத்தில் இரண்டு பிரதேசத்தைத் தொட்டால் நடுவில் ஒரு கோடு விழ, அந்தக் கோட்டின் வகையைத் தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள்.

ஆறுகளும் ஒன்றுபோல இல்லை. காவிரியைக் கடப்பதும் கோடையில் நொய்யலைக் கடப்பதும் ஒரே தண்டனை எண்ணில் அடங்காது. கேம் மாத வாரியாக மதிப்பை ஏற்கிறது என்றால் பன்னிரண்டு எண் பெட்டிகளை அடுக்காதீர்கள். பன்னிரண்டு பட்டை கொண்ட ஒரு வரைபடம், இழுத்தால் ஏறி இறங்க வேண்டும். ஐப்பசி மழைக்கு எவ்வளவு, சித்திரைக்கு எவ்வளவு என்று ஊரில் உள்ளவர் பார்த்த பார்வையில் சரிசெய்துவிடுவார்.

எந்த ஊர் எந்த நாட்டில் சேரும் என்பதில் கருத்து வேறுபாடு வரும், வரட்டும். பிரதேசத்தைப் பிரிப்பதும் சேர்ப்பதும் எளிதாக இருக்க வேண்டும், யார் எதன் அடிப்படையில் வைத்தார் என்று குறிப்பு எழுத ஒரு பெட்டியும் வேண்டும். அந்தக் குறிப்பைக் கேமின் கோப்பில் திணிக்காமல் பக்கத்தில் எடிட்டருக்கென்று ஒரு தனிக்கோப்பில் வையுங்கள். தொழில்நுட்ப மரத்தின் முடிச்சுகள் திரையில் எங்கே நிற்கின்றன என்பதற்கும் அதே இடம்தான்.

தமிழ்ப் பெயர்கள்

‘கொங்கு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிக்கோடில் ஆறு குறியீடு, 18 பைட். ஒகர உயிர்க்குறியை எகரக் கொம்பும் கால்குறியுமாகப் பிரித்து எழுதிய பழைய உரையிலிருந்து ஒட்டினால் ஏழு குறியீடு, 21 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் ஒன்று மட்டும் கிடைக்கும். தேடலுக்கும் ஒப்பிடவும் இரண்டு பக்கத்தையும், பிரிந்த குறிகளைச் சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாகத் தட்டச்சு செய்வதையும் மாற்றிச் சேமிக்கலாம். ஏற்கனவே கோப்பில் இருப்பதை மட்டும் தானாக மாற்றாதீர்கள்.

பைனரி கோப்பில் பெயருக்கு 32 பைட் என்று இடம் கட்டப்பட்டிருக்கும், கடைசியில் ஒரு பூஜ்யம் போக 31. ‘காங்கேய நாடு’ 34 பைட். வெட்டினால் ‘காங்கேய நாட’ என்று நிற்கும். ‘சத்தியமங்கலம்’ 39 பைட். 31-இல் வெட்டினால் ‘சத்தியமங்க’ என்பதற்குப் பின் லகரத்தின் முதல் பைட் மட்டும் ஒட்டிக்கொண்டு கட்டமாகத் தெரியும், சில கேம்கள் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். தட்டச்சு செய்யும்போதே மிச்சப் பைட் எண்ணிக்கையைப் பெட்டிக்கு அருகில் காட்டுங்கள். நீளம் மீறினால் எடிட்டர் தானாக வெட்டக் கூடாது, சுருக்கமான பெயரைப் பயனரே முடிவு செய்யட்டும்.

எல்லா இன்ஜினும் தமிழைச் சரியாக வரையும் என்று நம்பிவிடாதீர்கள். வெஸ்நாத் பாங்கோ நூலகத்தைப் பயன்படுத்துவதால் கொம்பும் காலும் இடம் மாறாமல் வரும். எழுத்துகளைப் படமாக அடுக்கி வரையும் இன்ஜினில் ‘கொ’ உடைந்துதான் தெரியும், அங்கே எடிட்டரில் எவ்வளவு உழைத்தாலும் பலனில்லை. வேலையைத் தொடங்கும் முன் ஒரே ஒரு யூனிட்டுக்குத் தமிழ்ப் பெயர் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

எடிட்டர் திரையில் ஆங்கிலத்துக்கு என்று வைத்த வரி உயரத்தில் தமிழ் எழுத்தின் தலையும் காலும் வெட்டுப்படும். எழுத்து அளவின் ஒன்றரை மடங்கு கொடுங்கள். பெட்டியின் இடப்பக்கம் தலைப்பு வைப்பதைவிட மேலே வைப்பது நல்லது, நம் சொற்கள் நீளம். தூரிகைக்கு ‘பி’, அழிப்பானுக்கு ‘இ’ என்று ஒற்றை எழுத்துக் குறுக்குவிசை வைத்தால் தமிழ்99 இயங்கும்போது அவை வேலை செய்யாமல் போகும். எஃப் விசைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அன்டூ, சேமிப்பு

அன்டூவைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பிறகு சேர்க்கவே முடியாது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு கட்டளைப் பொருளாக, பழைய மதிப்பும் புது மதிப்புமாகப் பதிவாக வேண்டும். கியூட்டியின் அன்டூ அடுக்கு இதற்குப் போதும். எண் பெட்டியின் அம்பைப் பிடித்து 35-லிருந்து 60-க்குப் போனால் அது 25 கட்டளையாக இல்லாமல் ஒன்றாகச் சேர வேண்டும், அடுத்தடுத்த கட்டளைகளை ஒன்றாக்கும் வசதி அந்த அடுக்கிலேயே இருக்கிறது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில், யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், சேமி அழுத்திய அதே நொடியில் கரண்ட் போகும் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள். அதே ஃபோல்டரில் தற்காலிகக் கோப்பில் எழுதி, வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்து, அதன் பிறகு பெயரை மாற்றுங்கள். கியூட்டியின் சேவ்ஃபைல் வகுப்பு இதைத்தான் செய்கிறது. தற்காலிகக் கோப்பு வேறு டிரைவில் இருந்தால் பெயர் மாற்றம் நகல் எடுப்பதாகிவிடும், பாதுகாப்பு போய்விடும். சேமிக்காத மாற்றங்களுக்குக் கட்டளைகளை ஒரு பதிவேட்டில் அவ்வப்போதே எழுதிக்கொண்டு வந்தால், திரும்பத் திறக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தரவில் பிழை இருக்கிறது என்பதற்காகச் சேமிப்பைத் தடுக்காதீர்கள். பாதி முடித்த வேலை எப்போதும் பிழையோடுதான் இருக்கும். பிழைகளைக் கீழே பட்டியலிட்டு, இரட்டைக் கிளிக் செய்தால் அந்தப் புலத்துக்கே போகும்படி வையுங்கள். கேமை ஓட்டும் பொத்தானில் மட்டும் தடை போதும்.

சமநிலை பார்ப்பது

வேலை முற்றிய பிறகு பயனர்கள் அதிகம் திறப்பது அட்டவணைக் காட்சியைத்தான். எல்லாக் காலாட்படைக்கும் உயிர்ப்புள்ளி 10 சதவீதம் கூட்டு என்ற மாதிரி மொத்த மாற்றம் வேண்டும். போடும் முன் பழையது, புதியது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும். பைதானின் ரவுண்டு 38.5-ஐ 38 ஆக்கும், 39.5-ஐ 40 ஆக்கும். இரண்டு யூனிட் எதிரெதிர்ப் பக்கம் நகர்ந்துவிடும். முழு எண்ணிலேயே கணக்கிடுங்கள்: 35-ஐ 110-ஆல் பெருக்கி, 50 கூட்டி, 100-ஆல் வகுத்து மீதியை விட்டால் 39.

எண்களைவிட உதவுவது ‘எத்தனை அடியில் சாயும்’ என்ற கட்டம். தாக்குதலில் கவசத்தைக் கழித்து, குறைந்தது 1 சேதம் என்று வைக்கும் கேமில், உயிர் 45, தாக்குதல் 4 என்றால் கவசம் 1-க்கு 15 அடி, 2-க்கு 23 அடி, 3-க்கு 45 அடி. கவசத்தை 2-லிருந்து 3 ஆக ஒரே ஒரு புள்ளி ஏற்றினால் யூனிட்டின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது படிவத்தைப் பார்த்துத் தெரியாது, இந்தக் கட்டத்தில் நிறத்தோடு பளிச்சென்று தெரியும். எல்லா யூனிட்டுக்கும் எல்லா யூனிட்டையும் மோதவிட்டுக் கட்டம் போடுங்கள், ஐம்பது யூனிட்டுக்கு 2,500 செல், கணக்கிட நேரமே ஆகாது.

பகிர்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேமோடு வந்த மூலத் தரவை உங்கள் மோட் தொகுப்பில் சேர்த்துக் கொடுக்காதீர்கள், உரிமம் அனுமதித்தால் தவிர. பயனரின் கணினியில் நிறுவியிருக்கும் கேமிலிருந்தே எடிட்டர் படிக்கட்டும், நீங்கள் கொடுப்பது மாற்றங்களை மட்டும். பவானியில் ஒருவரும் தாராபுரத்தில் ஒருவரும் சேர்ந்து வேலை செய்தால் கேம் அனுமதிக்கும் இடத்தில் யூனிட்டுக்கு ஒரு கோப்பு என்று பிரித்து, கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டால் ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘புது இறுதி’ என்று மூன்று கோப்பு சேர்ந்து எது எதன்மேல் எழுதப்பட்டது என்று தெரியாமல் போகும். எடிட்டர் திறந்திருக்கும்போதே வெளியிலிருந்து கோப்பு மாறியிருந்தால் சேமிக்கும் முன் ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிட்டு, மாறிய வரிகளைக் காட்டி, யாருடையதை வைத்துக்கொள்வது என்று புலம் புலமாகக் கேளுங்கள். முழுக் கோப்புக்கும் சேர்த்து ஒரே ‘ஆம் / இல்லை’ கேட்டால் அவசரத்தில் ஆம் என்று அழுத்திவிடுவார்கள், தாராபுரத்துக்காரரின் ஒரு வார வேலை போய்விடும்.